ஊதாப் புள்ளிகள்

"அப்ப அது ரத்தத்துலயே வர்றதா?" என்று கேட்டாள் ஹில்டா.

"ரத்தத்துல மட்டும் இல்ல அத்தை. ஒடம்புல எல்லா எடத்துலயும் இருக்கு. அம்மா அப்பாகிட்ட இருந்துதான் வருது."

"உங்கப்பாகிட்ட இருந்து ஒனக்கு."

"ஆமா."

எட்டு மாதங்களுக்கு முன், கேகாலை பஸ் நிலையத்தில் நடந்த பேச்சு இது. ரோஷானியின் அப்பா ஜூலியஸுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று அன்றுதான் சொல்லியிருந்தார்கள். சிகரெட்டைத் தொடாத மனிதனுக்கு இது எப்படி வந்தது என்று ஹில்டா கேட்டாள். உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், கண்டபடி பெருகாமல் தடுத்து நிறுத்துகிற மரபணு ஒன்று இருக்கிறது, அது கெட்டுப் போனால் இந்த நோய் வரும் என்று ரோஷானி விளக்கினாள். சொன்னதெல்லாம் சரிதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். அப்பாவுக்கு அது பிறவியில் கெட்டதல்ல, பிறகு நுரையீரலுக்குள் மட்டும் கெட்டது. களைப்பில் அது வாயில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ரத்தத்தில் தொடரும் நோய் என்று பயந்து, ஹில்டா வீட்டார் ரோஷானியின் கல்யாணத்தை ஈஸ்டருக்குத் தள்ளினார்கள். ஈஸ்டர் வந்ததும் டிசம்பர் என்றார்கள். மாப்பிள்ளை சாள்ஸ், ஹில்டாவின் மகன், தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அம்மா மனம் மாறும்வரை பொறுத்திருப்போம் என்றான். அம்மாவும் ஜூலியஸும் வேலை செய்த புகைக்கூடத்தைப் பற்றி மட்டும் அம்மாவிடம் பேச வேண்டாம், பயந்துவிடுவார் என்றும் கேட்டுக்கொண்டான்.

ரோஷானிக்குக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. அந்த வருடம் அங்கே நடந்தது அதே மரபணுவைப் பற்றிய ஆய்வுதான். எந்த நாட்டிலோ எப்போதோ இறந்துபோன ஒருவரின் நுரையீரல் புற்றுக் கலங்களைத் தட்டுகளில் வளர்த்தார்கள். பாதித் தட்டுகளில் இருந்த கலங்களுக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். இரண்டு வாரம் கழித்துச் சாயம் ஊற்றி, ஊதாப் புள்ளிகளாகத் தெரிந்த கூட்டங்களை எண்ணுவது அவள் வேலை. அப்படியே விட்ட தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு. மரபணு செலுத்திய தட்டில் நாற்பத்தொன்று. கலங்கள் அநேகமாகச் சாகவில்லை, பெருகுவதை நிறுத்திக்கொண்டன, அவ்வளவுதான். பேராசிரியர் எல்லோருக்கும் கேக் வாங்கினார். ரோஷானி தன் துண்டைத் தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கேகாலை பஸ்ஸில் ஏறினாள். என்ன கேக் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஞாயிறு பூசை முடிந்து ஹில்டா கஞ்சியோடு தோட்டத்து லயத்தில் இருந்த ஜூலியஸின் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாலும் கஞ்சியை நிறுத்தவில்லை. இறப்பர் ஷீட்டுகளைக் காய வைக்கும் புகைக்கூடத்தில் அவளும் ஜூலியஸும் பதினான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள்.

"சம்பந்தியம்மா வந்தாச்சு" என்றார் ஜூலியஸ். "கல்யாணம் இல்லாட்டியும் கஞ்சி உண்டு."

"சாகப் போறவன் பேச்சா இது. வாயத் தொறங்க" என்று ஹில்டா கரண்டியை நீட்டினாள். பாதியில் முகத்தைத் திருப்பிச் சேலைத் தலைப்புக்குள் இருமினாள். போன ஞாயிறும் இருமினாள். அதற்கு முந்தியும்தான்.

அவர் கண்ணயர்ந்ததும் இருவரும் பாத்திரம் கழுவ வெளியே தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போனார்கள். எட்டு மாதங்களுக்கு முன் சொல்லாமல் விட்டதை ரோஷானி அங்கே சொன்னாள். ஆய்வுகூடத்தில் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

ஹில்டா கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"பொறவியிலயே கெடலைன்னா, எதால கெட்டுச்சு?"

பதில் சொன்னால் தன் மேல் இருக்கும் குறை நீங்கும், கல்யாணமும் நடக்கலாம் என்று ரோஷானிக்குத் தெரியும். அதனாலேயே இத்தனை நாள் அவளுக்கு வாய் வரவில்லை. கல்யாணத்துக்காகப் பழியைத் தூக்கிப் புகை மேல் போடுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்.

"பொகையாத்தான் இருக்கும்னு டொக்டர் சொல்றாரு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஹில்டா கரண்டியை அதில் காட்டிக் கழுவினாள்.

"தெரியும்" என்றாள், யாருடைய கதையையோ சொல்வதுபோல. "நானும் அதுக்குள்ளதானே நின்னேன். ஒங்க ரத்தத்துல வர்றதுன்னு வச்சுக்கிட்டா, எனக்கு வராதுன்னு ஆயிருதுல்ல."

ரோஷானி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அத்தை, கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி. நாளைக்கு லீவு போடுறேன். எங்கூடக் கேகாலைக்கு வாங்க, நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்."