மிக்ஸி ஓடாத நேரம்

ஸ்ரீதருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று கேட்டதும் கோவிந்தராஜுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் ஆள் கெட்டி, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "அடடா, என்ன தம்பி, இப்பத்தானே வந்த மாதிரி இருக்கு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். போர்ட் பிளேர் லம்பா லைனில் அவன் வீட்டின் பக்கத்துப் பாகத்தில் ஸ்ரீதர் குடிவந்து மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. மத்திய அரசு உத்தியோகம். மனைவியும் பெண்ணும் திருச்சியில். வாடகைக்கு ஒருநாளும் அலையவிட்டதில்லை, தண்ணீருக்குச் சண்டை போட்டதில்லை. இப்படி ஒரு குடித்தனக்காரன் போகிறானென்றால் வீட்டுக்காரன் அழத்தான் வேண்டும். கோவிந்தராஜுக்கோ அன்றைக்கு மீன் வாங்கிச் சமைக்கச் சொல்லலாமா என்றிருந்தது.

"ஒரு விஷயம்ணே" என்றான் ஸ்ரீதர். "அந்த டவர் ஸ்பீக்கர் ரெண்டையும் திரும்பக் கப்பல்ல ஏத்தி இறக்க என்னால ஆகாது. வரும்போதே ஒரு மூலை சில்லு பேந்துபோச்சு. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குக் குடுக்கவும் மனசு வரல. நீங்களே எடுத்துக்கங்களேன்."

போர்ட் பிளேரில் இது ஊர் வழக்கம். மாற்றலாகிப் போகிறவர்கள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் தள்ளிவிட்டு இரண்டு பெட்டியோடு விமானம் ஏறிவிடுவார்கள். கோவிந்தராஜ் வீட்டுச் சாப்பாட்டு மேசையே ஒரு வங்காளி அதிகாரி விட்டுப்போனதுதான். அதிலிருக்கும் கத்தித் தழும்புகள் அந்த வீட்டு மீன்களுடையவை. அதற்கெல்லாம் அவன் கூச்சப்பட்டதே கிடையாது. ஸ்ரீதர் ஃபிரிட்ஜைத் தருகிறேன் என்றிருந்தால் அந்த நிமிடமே தன் டைல்ஸ் கடைப்பையன்களை வரச்சொல்லித் தூக்கியிருப்பான். ஸ்பீக்கர் என்றதும்தான் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது. யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று உள்ளே வந்துவிட்டான்.

முள்ளின் கதை இதுதான். கோவிந்தராஜின் மனைவி இந்திராணிக்குச் சாயங்காலம் விளக்கேற்றினதும் மிக்ஸி போட்டாக வேண்டும். சட்னியோ, தேங்காயோ, மறுநாளைக்கு மசாலாவோ, ஏதாவது ஒன்று அரைபடும். டைல்ஸ் கடையிலிருந்து திரும்பும் கோவிந்தராஜ், அன்றைக்கு எந்த காண்ட்ராக்டர் ஏமாற்றினான், எந்தப் பெட்டி உடைந்து வந்தது என்பதையெல்லாம் அந்த மிக்ஸிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்லுவான். அவளும் தலையாட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது, அவனுக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்ரீதர் அந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தபிறகு ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தபோது என்னவோ காணாமல்போன மாதிரி இருந்தது. அடுப்படியை எட்டிப் பார்த்தான். சுவரோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் இந்திராணி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சட்னி அரைக்கவில்லையா என்றதற்கு, மத்தியானமே அரைத்துவிட்டேன் என்றாள். அன்றிலிருந்து எல்லாச் சட்னியும் மத்தியானச் சட்னிதான்.

குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவள் ஸ்ரீதரிடம் மோட்டார் போடுவதைப் பற்றித் தவிர வேறு பேசியதில்லை. அவன் மீசை வைத்திருக்கிறானா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்லுவாள். எதைச் சொல்லிச் சண்டை போடுவது? பாட்டுக் கேட்காதே என்றா? ஊர் சிரிக்கும். ஆனால் கோவிந்தராஜுக்குப் பொறாமை பொறாமைதான். தன் பேச்சுக்கு ஒருநாளும் நிற்காத மிக்ஸி எவனுடைய பாட்டுக்கோ நிற்கிறது. இத்தனைக்கும் அந்தச் சுவரைக் கட்டியவனே அவன்தான். வாடகைக்கு விடுகிற பாகம்தானே என்று சிக்கனம் பிடித்து மெல்லிசாக எழுப்பினது. ஸ்பீக்கர் கப்பலில் வந்தபோது ஹேடோ ஜெட்டியிலிருந்து ஏற்றிவந்ததும் அவனுடைய டைல்ஸ் வண்டிதான். கரண்ட் போகிற சாயங்காலங்களில் லம்பா லைன் முழுக்கத் திட்டிக்கொண்டிருக்க, கோவிந்தராஜ் மட்டும் சந்தோஷமாக விசிறிக்கொண்டிருப்பான்.

சாப்பிடும்போது இந்திராணியிடம் மாற்றல் சேதியைச் சொன்னான். எப்போது என்று கேட்டாள். இந்த மாசக் கடைசியில் என்றான். குழம்புக் கரண்டி ஒரு நொடி சட்டிமேல் அப்படியே நின்றது.

"அந்த ஸ்பீக்கரை நம்மளை எடுத்துக்கச் சொல்றான்."

அவள் நிமிர்ந்தாள். புதுச் சேலை எடுத்து நீட்டினபோதெல்லாம் வராத வெளிச்சம் ஒன்று அவள் முகத்தில் வந்ததைக் கோவிந்தராஜ் பார்த்தான். பார்க்காமலிருந்திருந்தால் ஒருவேளை சரியென்றே சொல்லியிருப்பான்.

"பழசு நமக்கென்னத்துக்கு? உப்புக்காத்துல உள்ள பூரா பூஞ்சை புடிச்சிருக்கும். புதுசாவே வாங்குவோம். இதைவிடப் பெருசா" என்றான்.

வாங்குவது என்று முடிவுசெய்தாலும் இந்த ஊரில் போய்க் கேட்டுப்பார்க்க ஒரு கடை கிடையாது. மெயின்லேண்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வருவதற்கு முன் அதன் சத்தம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஏற்கெனவே வாங்கினவன் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். பெரார்கஞ்சில் காண்ட்ராக்டர் பக்தவத்சலம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இந்திராணியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். வயலைப் பார்த்த பெரிய ஹாலில், நெஞ்சளவு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று இரண்டும் நின்றன, ஆளுக்கொரு பூப்போட்ட படுக்கைவிரிப்பைப் போர்த்திக்கொண்டு. தூசி படியுமாம். பக்தவத்சலம் விரிப்பை உருவிவிட்டுப் பாட்டைப் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஷோகேஸில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, வெளியே கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்தது. கோவிந்தராஜுக்கு நெஞ்சுக்குள் தவுல் வாசித்தாற்போலிருந்தது. இதை மட்டும் வீட்டில் வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எவன் என்ன பாடினாலும் எடுபடாது.

"தேக்கா? க்யா பேஸ் ஹை!" என்று அந்த அதிர்வை இந்தியில் மெச்சிப் பக்தவத்சலம் தொடையைத் தட்டினார். "தங்கச்சி என்ன ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் இந்திராணி. அவன் எடுத்துத் தந்த எல்லாச் சேலைகளையும் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள், ஊருக்குள் நுழைகையில், ஸ்ரீதர் வீட்டிலும் ஒருதடவை உட்கார்ந்து கேட்டுவிடலாமே, இரண்டையும் பார்த்துத்தானே எடுக்க வேண்டும் என்றாள். டைல்ஸ் வாங்க வருகிறவர்களிடம் அவன் தினம் சொல்கிற வசனம் அது. மறுக்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் இருவரும் பக்கத்துப் பாகத்துக்குப் போனார்கள். குடிவைத்த பிறகு இந்திராணி அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல்தடவை. பாதிச் சாமான்கள் போய் ஹால் வெறிச்சென்றிருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் பக்தவத்சலம் வீட்டு ராட்சதர்கள் மாதிரி இல்லை. ஒல்லியாக, மரநிறத்தில், இடுப்பளவுக்கு மேல் கொஞ்சம். சில்லுப் பெயர்ந்த மூலை, கோவிந்தராஜின் வண்டி பள்ளத்தில் இறங்கின இடம். அவற்றுக்கு எதிரே சரியாக நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகச் சேருமாம். "அக்கா, நீங்க இதுல உக்காருங்க" என்றான் ஸ்ரீதர். கோவிந்தராஜுக்கு ஓரத்தில் கட்டில் கிடைத்தது.

பாட்டு தொடங்கியது. கோவிந்தராஜுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது, அதுவும் ஏதோ தந்தி வாத்தியம். அவன் பாட்டைக் கேட்கவுமில்லை, இந்திராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, எதிரே ஆளே நிற்பதுபோல இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் விமானம் ஒன்று கூரைக்கு மேலாகப் பக்கத்து விமான நிலையத்துக்கு இறங்கியது. லம்பா லைனில் அதற்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்ரீதர் ரிமோட்டை எடுத்துப் பாட்டை நிறுத்தினான். இரைச்சல் முழுக்க ஓய்கிறவரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான்.

இந்திராணி சிரித்துவிட்டாள். "ஓ, இதுக்குத்தானா? நடுவுல நடுவுல பாட்டு நிக்குதே, கரண்டா என்னன்னு நெனச்சுக்குவேன்."

ஸ்ரீதர் திரும்பினான். "அக்கா, உங்களுக்கு அங்க கேக்குமா?"

"தினம் கேப்பேன். ஆனா அந்தப் பொண்ணோட குரல் இவ்வளவு கிட்டக்க வராது."

"தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சிருப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. தப்பாக ஒரு எழுத்து இல்லை. ஆனால் ஸ்ரீதரின் முகத்தில் பூத்த சந்தோஷத்தைக் கோவிந்தராஜ் பார்த்தான். ஒண்டியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இத்தனை நாளும் கூட ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்த சந்தோஷம். ஆக, இவர்கள் இரண்டுபேரும் இத்தனை சாயங்காலமும் சேர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், நடுவில் தான் கட்டின சுவர்தான் இருந்திருக்கிறது. இந்த ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தால் இவனும் கூடவே வந்துவிடுவான். திருச்சியிலே இருந்துகொண்டே தினம் சாயங்காலம் தன் ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

கோவிந்தராஜ் எழுந்தான். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நேத்தே புதுசுக்குச் சொல்லிட்டேன். மெட்ராஸ்ல பில்லே போட்டாச்சு."

இந்திராணி நாற்காலியில் இருந்தபடியே அவனைப் பார்த்தாள். நேற்று முழுக்க அவள் அவன்கூடத்தான் இருந்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்தது. அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்பீக்கர்களைத் திக்லிபூரிலிருந்து செந்தமிழன் என்ற வாத்தியார் வந்து எடுத்துக்கொண்டார். வழிநெடுகக் குலுங்குமே என்று இந்திராணி தன் கம்பளியைக் கொண்டுவந்து கொடுத்தாள், யாருமே போர்த்திக்கொள்ளாமல் பெட்டியில் வைத்திருந்த கம்பளி. அடுத்த வாரம் ஸ்ரீதரும் போனான். அன்று சாயங்காலமே அடுப்படியில் மிக்ஸி ஓடியது. போகட்டும், புதுசு வரட்டும் என்று கோவிந்தராஜ் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

கப்பல் தாமதமாகி, ஜெட்டியில் சரக்கு கிடந்து, கடைசியில் கறுப்பு ராட்சதர்கள் வந்து சேர்ந்தார்கள். விரிப்பு போர்த்தவில்லை. ஹாலின் நடுவில் அளந்து ஒரே ஒரு நாற்காலியைப் போட்டான். அதற்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல் கடையிலிருந்து ஸ்ரீதருக்கு ஃபோன் செய்து, அன்றைக்குப் போட்டது என்ன பாட்டு என்று கேட்டிருந்தான். மானத்தை விட்டுக் கேட்டது அது. ஸ்ரீதர் உடனே அனுப்பிவைத்தான். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தான். கோவிந்தராஜ் சொல்லவில்லை.

விளக்கேற்றினதும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டான். அதே வாத்தியம், அதே பெண். இந்திராணி மடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கேட்டாள். அவன் ஓரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்தான். அவள் முகம் அவனைத்தான் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். "குழம்பு அடுப்புல இருக்கு. நீங்க கேளுங்க."

கோவிந்தராஜ் காலியான நாற்காலியில் உட்கார்ந்தான். நடுவில் உட்கார்ந்த பிறகுதான் முதல்முறையாக அந்தக் குரல் அவனுக்கு முழுசாகக் கேட்டது. அந்தப் பெண் எதிரே வந்து நின்றாள். அட, இதுவா, என்று இருந்தது. இதற்கு யாராக இருந்தாலும் மிக்ஸியை நிறுத்தத்தான் செய்வார்கள். இதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய நேரத்தில் அடுப்படியில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

ரிமோட்டை எடுத்துப் பாட்டை நிறுத்தினான். மிக்ஸி ஓய்ந்தது, மூடியைத் திறந்து தேங்காயைத் தள்ளிவிடுகிற சத்தம் கேட்டது. விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டான். அந்தப் பெண் ஒரு சொல்லைத்தான் பாடியிருப்பாள், மறுபடி மிக்ஸி. மறுபடி நிறுத்தினான். இரண்டு ராட்சதர்களுக்கும் எதிரே, ரிமோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தபடி, தேங்காய் அரைபட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.