பரவாயில்லை

கண்ணைச் சுற்றி ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான், வலித்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், மருந்தைக் கூட்டுவோம் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாயைத் திறந்து சொல்வதுதான் காஜாக்காரம்மாவுக்குக் கைவராத வித்தை. தையற்கடையில் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள். இரண்டு கண்ணிலும் புரை, அன்று முதல் கண்ணுக்கு ஆபரேஷன். இரண்டும் தெளிந்தால்தான் ஊசியில் நூல் ஏறும், வேலையும் நிலைக்கும்.

முகத்தை மூடிய துணியில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். முதலில் எல்லாம் மரத்துத்தான் கிடந்தது. பிறகு உள்ளே எதையோ நெம்புவது போல ஒரு வலி கிளம்பிப் பின்மண்டை வரைக்கும் போனது. உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்தால் முடியுமா? கால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள்.

"வலி இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"பரவாயில்லை டாக்டர்."

வலிக்கிறது, என்ன செய்ய, நீங்கள் பாருங்கள் என்பது அதன் பொருள். காய்ச்சலோடு சமைத்த நாட்களிலும், அம்மா செத்த மறுவாரமே கணவர் வீடு நிறைய ஆட்களைச் சாப்பிடக் கூட்டிவந்த அன்றும் அவள் சொன்னது இதே பரவாயில்லைதான். டாக்டர் காதில் அது வலியே இல்லை என்று விழுந்தது. அவர் வீட்டிலும் ஒருத்தி தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள், மனிதர் கவனித்திருக்க மாட்டார். மறுபடி மறுபடி கேட்டார். அவளும் அதையே சொன்னாள்.

முடித்துவிட்டு வெளியே வந்தவர், காத்திருந்தவர்களுக்கு அவளைக் காட்டி, இந்த அம்மா முனகக்கூட இல்லை, சொட்டு மருந்திலேயே முடிந்தது என்று மெச்சினார். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. ரிட்டயரான பஸ் கண்டக்டர். தன் கண் ஆபரேஷனில் மரத்துப்போக ஊசி போட்டும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குத் தனக்கு வந்த பிறகும் தெரியவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்காகப் போனார்கள். போன தடவை மாதிரியே சொட்டு மருந்து போதுமா என்று டாக்டர் கேட்டதும் கணவர் பதில் சொன்னார். "தாராளமா. இவளுக்கு வலியே தெரியாது டாக்டர். கல்லு."

கல் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது.

"வலிச்சுது டாக்டர். உயிரே போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அத்தனை தடவை கேட்டேனேம்மா. பரவாயில்லைன்னுதானே சொன்னீங்க?"

"வலிச்சதாலதான் அப்படிச் சொன்னேன். வலிக்கலைன்னா இல்லைன்னு சொல்லியிருப்பேனே."

டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. அவர் ஏதோ சொல்ல வருவதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "இவளுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர். இந்தத் தடவை என்னையும் உள்ள விடுங்க. வலிக்குதா இல்லையான்னு நான் சொல்றேன்."

தப்பித்தோம் என்று டாக்டர் சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தாள். காஜாக்காரம்மா கீழே வைத்திருந்த பையை இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கண்ணு அப்படியே இருக்கட்டும் டாக்டர். இவரைப் பார்க்க ஒண்ணு போதும்."

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கணவர்தான். இவளுக்குக்கூட ஜோக் அடிக்கத் தெரிகிறதே என்று மேஜையைத் தட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனபோதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.