மலை இல்லாத வானம்

ஸக்கியா வாய்விட்டுச் சிரித்தாள்.

"டீச்சர், சோனகதெருவில எங்க மலை வந்தது?"

லீலாதேவி தன் படத்தையே முதன்முறையாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். தெரு சரியாக இருந்தது. ஸக்கியாவின் வாப்பா மஹ்மூத் ஹாஜியாரின் தையல்கடை, அதன் பலகைக் கதவு, சைக்கிள் சாத்தும் மதில், எல்லாம் சரி. ஆனால் ஓட்டுக் கூரைகளுக்குப் பின்னால் நீலமாக ஒரு மலை படுத்துக் கிடந்தது. அதை எப்போது தீட்டினாள் என்பதே நினைவில்லை. ஒரு மேடுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் மலை!

"சிரிக்காதையும் ஸக்கியா. திருத்திக் கொண்டு வாறன்."

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஸக்கியாவினதும் ஒன்று. ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் வந்தவர்கள், ஏழு வருடமாகக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். ஹாஜியாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. முற்றாக இருளுவதற்குள் தன் தெருவை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். அதனால்தான் மகள் லீலாதேவியைத் தேடி வந்தாள்.

லீலாதேவி எண்பத்தொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் சித்திர ஆசிரியையாக மாற்றலாகி வந்தவள். கொண்டுவந்த ஊர்ப் படங்கள் எண்பத்துமூன்று கலவரத்தில் அறையோடு எரிந்தன. படம் போனால் போகட்டும், ஊர் என் கையில் இருக்கிறது என்று அன்று சொல்லிக்கொண்டாள். போரில் ஊருக்குப் போகும் பாதை மூடிய பிறகும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். இங்கே எதை வரைந்தாலும் மேல்பாதியை மலை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பனிமூட்டம். கை அதற்குப் பழகிவிட்டது. கை மட்டும்தானா?

வீட்டில் மலையைக் கத்தியால் சுரண்டி எடுத்தாள். அந்த வெறுமையைக் கண்டு கை கூசியது. ஒரு மேகமாவது வை என்றது. அவள் வைக்கவில்லை. மத்தியான வெயிலில் சைக்கிளில் போகும்போது கண்ணைச் சுருக்கவைக்கும் அந்த வெளிறிய வானத்தை நினைத்து நினைத்து, நீலத்தைக் குறைத்துக்கொண்டே போனாள்.

ஹாஜியார் படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது என்ர கடை. இது தாஸிமிட வீடு. காற்சட்டை இறுக்கம் எண்டு மூண்டுதரம் திருப்பிக் கொண்டுவந்தவன். அவன்ட வயிறு ஊதினதுக்கு நானா பொறுப்பு?"

விரல் மேலே ஏறி வானத்தில் நின்றது.

"பிள்ளை, இவ்வளவு வெளியாவா இருந்தது? பின்னுக்கு மலை ஒண்டும் இல்லையா?"

இம்முறை ஸக்கியா சிரிக்கவில்லை. மலையை வைத்தே கொடுத்திருக்கலாமோ என்று லீலாதேவிக்கு ஒரு கணம் தோன்றியது. கிழவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

"இல்லை ஹாஜியார். எங்கட ஊரில மலை இல்லை."

அவர் படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"ஓம்... ஓம். மலை இருந்தா அந்தக் காத்து எப்பிடி வரும்? கதவைத் திறந்தா துணியெல்லாம் பறக்கும். ஒரு கையால அமத்திக்கொண்டுதான் வெட்டுவன்."

அப்படியே உள்ளங்கையை வானத்தில் வைத்து அமத்தினார்.

"ஐயோ வாப்பா, பெயின்ட் காயேல்ல!"

"விடும் ஸக்கியா," என்றாள் லீலாதேவி.

லீலாதேவி பஸ்ஸுக்கு நின்றபோது மகாவலிக்கு அப்பால் மலைகள் வரிசையாக நின்றன. பதினாறு வருடமாக அவளுக்குத் துணை நின்றவை. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் விலகி நின்றால் என்ன என்றிருந்தது அவளுக்கு.