தலைவர் சம்மதித்த நாள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய பழைய தோட்டத்துக் கோயிலில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவதைக் கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் ஜெயபாலன் பல வருடங்களாகத் தடுத்து வைத்திருந்தார். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்புத் திட்டமே வந்துவிட்டது. தலைவர் மட்டும் மாறவில்லை. கழிப்பறை சாமியின் பார்வையில் படும் என்பார். இடத்தை மாற்றலாம் என்றால், சாமி அந்தப் பக்கமும் பார்க்கும் என்பார். ஆண்கள் கழிப்பறை மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்ட செயலாளர் மகேந்திரனை அடுத்த சில கூட்டங்களுக்கு அழைக்கவே இல்லை.

புரட்டாசியில் ஜெயபாலனுக்கு முழங்கால் வலி வந்தது. கடையில் வலி மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். ரத்த அழுத்த மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் கல்யாண விருந்து ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. உடம்பில் தண்ணீர் வற்றியபோதும் மாத்திரையை அவர் விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாதுவானார். கால் வீங்கியது, விக்கல் வந்தது, பேச்சு குறைந்தது. மனைவி புனிதா சீனி போட மறந்து கொடுத்த தேநீரை, "நல்லா இருக்கு" என்று குடித்தார். புனிதாவுக்கு அப்போதே என்னவோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மகேந்திரன் கழிப்பறைத் தீர்மானத்தைப் படித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

"கட்டிருங்க லா," என்றார் ஜெயபாலன்.

மகேந்திரன் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார்.

"அண்ணே, பொம்பளைங்க தண்டாஸ்தான் சொல்றேன்."

"ஆமா. ரெண்டா கட்டுங்க." ஜெயபாலன் மகேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயாவு, சாப்டியா?"

ஐயாவு ஜெயபாலனின் இறந்துபோன தம்பி. பொருளாளர் தனேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கு மூச்சு வாங்கியது. சாமி மனசுக்குள் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, கோயிலுக்குப் பூக்கட்டும் ராக்காயி அவர் நெற்றியில் விபூதி பூசினாள்.

புனிதா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "இவருக்கு என்னமோ ஆயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பொறுங்கக்கா," என்று மகேந்திரன் பேனாவை நீட்டினார். "கையெழுத்து போட்டதும் போலாம்."

"இவரு ஒரு நாளும் சரின்னு சொன்னதில்ல. எனக்குத் தெரியாதா? காலையிலேர்ந்து ஒண்ணுக்குக்கூடப் போகல."

கையெழுத்து தாளைத் தாண்டி மேசைத்துணி வரை போனது. அதன் பிறகே காரை எடுத்தார்கள்.

ஈப்போ மருத்துவமனையில் இசிஜியைப் பார்த்ததும் தாதியர் ஓடினார்கள். டாக்டர் சிவாஜினி புனிதாவை உட்கார வைத்துச் சொன்னார்.

"வலி மாத்திரையும் வயித்துப்போக்கும் சேர்ந்து, கிட்னி ரெண்டும் திடீர்னு வேலைய நிறுத்திருச்சு. வெளிய போகாத தண்ணி நுரையீரல்ல தேங்கியிருக்கு, அதான் மூச்சு வாங்குது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுது. கழிவெல்லாம் சேர்ந்து மூளையையும் குழப்பியிருக்கு. அடி விழுந்தது கிட்னிக்குத்தான், ஆனா மத்ததையும் சேர்த்து இழுத்துருச்சு."

"அப்ப அவரு தன்மையா பேசினது?"

"அந்தக் குழப்பந்தான் அக்கா."

புனிதா அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று டாக்டருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மூச்சு சீரானது, இதயம் அடங்கியது. சில வாரங்களில் சிறுநீரகங்களும் மெல்லத் தேறின. ஒரு காலையில் ஜெயபாலன் கஞ்சி ஆறிவிட்டதென்று தாதியிடம் சண்டை பிடித்தார். பிழைத்துவிட்டார் என்று புனிதா நம்பியது அப்போதுதான்.

வீடு திரும்பியதும் அவர் அவசரக் கூட்டம் போட்டார்.

"அன்னைக்கு எனக்குப் புத்தி சரியா இல்ல. டாக்டரே சொல்லிட்டாங்க. தீர்மானம் செல்லாது."

ராக்காயி எழுந்தாள். "அண்ணே, இத்தன வருசமா வேணாம் வேணாம்னீங்களே. அப்பல்லாம் கிட்னி நல்லாதானே இருந்துச்சு?"

மகேந்திரன் மெதுவாக, மறுபடி ஓட்டு எடுத்துவிடலாம் என்றார். முதலில் தூக்கிய கை புனிதாவுடையது. ஜெயபாலன் அவளை முறைத்தார். அவள் கையை இறக்கவில்லை. பின்னால் பெண்கள் பக்கம் முழுதும் கைகள் எழுந்தன. தனேஸ்வரன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார்.

தைப்பூசத்துக்கு முன்பே கட்டி முடித்தார்கள். ரிப்பன் வெட்டத் தலைவரைத்தான் அழைத்தார்கள். வெட்டுவதற்கு முன் அவர் இது தன்னுடைய நெடுநாள் கனவு என்று ஆரம்பித்து, பெண்கள் முன்னேற்றம் பற்றி விரிவாகப் பேசினார். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. பெண்கள் கதவுக்கு வெளியே வரிசையில் நின்று, கால் மாற்றி மாற்றிக் காத்திருந்தார்கள்.