கீழே கேட்காத சத்தம்

மத்தியானம் அந்தச் சத்தம் முதல் தடவை கேட்டபோது கௌசியா மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். படுக்கையறைச் சுவரிலிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தடவை. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள். அப்புறம்தான், கீழ்வீட்டில் இருக்கும் தங்கை அஃபீபா தன்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஆத்தூர் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த வீடு, ஜவ்வரிசி வியாபாரம் செய்த அவர்களுடைய அத்தா ரஹமத்துல்லா கட்டியது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் மாடி அறைச் சுவரை ஒட்டி இறங்கி, கீழே சமையல்கட்டுக்குப் போகும். அந்தக் காலத்தில் அக்காவும் தங்கையும் மாடியில் படிப்பார்கள். அம்மா மதீனா பீவி அடுப்படியை விட்டு நகரமாட்டார். கரண்டிக் காம்பால் குழாயைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் அத்தா வந்தாச்சு, புத்தகத்தைத் திற. இரண்டு என்றால் சாப்பிட வா. மூன்று என்றால் போட்டது போட்டபடி வா. பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஒரு தடவை மூன்று தட்டு கேட்டு இருவரும் விழுந்தடித்து இறங்கினார்கள். ஒரே துணியில் தைத்த இரண்டு பாவாடைகளைத் தையல்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஆளுக்கொரு தளத்தில் குடித்தனம் வந்த பிறகும் பண்டம் செய்தால், பிள்ளை அழுதால், குழாய்தான் பேசியது. போனெல்லாம் அப்புறம்தான்.

கடைசிக் காலத்தில் அம்மா மாடியில் கௌசியாவோடு இருந்தார். அவர் போனதும் ஒரு மத்தியானத்தில்தான். அஃபீபா மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "பதினெட்டுப் படி. ஒரு வார்த்தை கூப்பிடலையே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். கௌசியா பதில் சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றது.

சத்தம் ஒரு வாரமாக நிற்காததால் கௌசியா பிளம்பர் செந்தமிழனை வரவழைத்தாள். நாமகிரிப்பேட்டைக்காரர். குழாயைப் பிடித்து ஆட்டினார். சுவரில் பிடித்திருந்த கிளாம்பு துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது.

"ஏனுங்க, கீழ ஏதாச்சும் புதுசா மாட்டியிருக்காங்களா?"

"தெரியாதுங்க. நீங்களே போய்ப் பாருங்க."

அவர் ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார். "அங்க ரெண்டு மூணு லைன் ஓடும். நான் கூப்புட்டதும் இதுல தட்டுங்க. எது நம்ம குழாய்னு கேட்டுப் பாத்துக்கறேன்."

கீழேயிருந்து குரல் வந்தது. கௌசியா தட்டினாள்.

"தட்டுங்கக்கா."

"தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இங்க ஒண்ணுமே கேக்கலீங்களே."

ஓங்கித் தட்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. கேட்கவில்லை என்றுதான் மறுபடியும் சொன்னார். அவள் ஸ்பேனரோடு படியிறங்கி வந்து தங்கை வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே அஃபீபா கைகட்டி நின்றிருந்தாள்.

செந்தமிழன் கூரையோரத்தைக் காட்டினார். இரும்புக் குழாய் அங்கே முடிந்து, வெள்ளை பிளாஸ்டிக் குழாய் தொடங்கியது. "இத எப்பங்க மாத்துனீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு. ஒழுகிச்சு" என்றாள் அஃபீபா.

"அதானுங்க, தட்டுனா சத்தம் பிளாஸ்டிக்குல எறங்கி வரல. மேல கேக்கற சத்தத்துக்குக் காரணம் இந்தப் புது வாஷிங் மிஷினு. ஓடற தண்ணிய அது சட்டுனு நிறுத்திடுது. நின்ன தண்ணி திருப்பி அடிக்குது. அந்த அடி மேல போயி, புடிமானமில்லாத குழாயச் செவுத்துல மோதுது."

கௌசியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அஃபீபா, அன்னைக்கு நான் தட்டினேன்."

"என்னைக்கு?"

"அம்மா என் கையை விடல. போன் கூடத்துல இருந்துச்சு. இன்னொரு கையால சாவியை வெச்சுத் தட்டினேன். மும்மூணாத் தட்டினேன். நீ வரல. கேட்டும் வரலைன்னு நெனச்சேன்."

அஃபீபா அந்த வெள்ளைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இங்கதான்க்கா இருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தேன்" என்றாள். செந்தமிழன் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

புதுக் கிளாம்புகளை ரப்பர் வைத்து முடுக்கினார். மிஷினுக்குப் போகும் குழாயில் ஒரு முழக் குழாய்த் துண்டை மூடி போட்டு நட்டக்குத்தலாகச் சேர்த்தார். அதற்குள் நிற்கும் காற்று அடியை வாங்கிக்கொள்ளும் என்றார். மிஷினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் நின்றது. மேலே சத்தமில்லை.

அவர் போன பிறகு அஃபீபா படியேறி வந்தாள். அம்மாவின் கட்டில் அதே இடத்தில் இருந்தது. ஓரமாக உட்கார்ந்து விரிப்பைத் தடவினாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"உன்னைத்தான் சொன்னாங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, கீழ துணி காயுது, அவளை எடுக்கச் சொல்லுன்னாங்க."

"அன்னைக்கு மழை பெய்ஞ்சுதா?"

"எங்க. நல்ல வெயில்."

அஃபீபா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. கௌசியா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கியது. இருவரும் உடனே எழுந்திருக்கவில்லை.