வீரய்யா கட்டிய காப்பு

மஸ்கெலியா டேமில் தூண்டில் போடுகிறவர்கள் எதில் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருப்பார்கள். வீரய்யா கட்டிய ஜிக் அவிழாது. மீன் மாட்டுமா என்று கேட்டால் அதற்கு வீரய்யா பொறுப்பில்லை. அது மீனுக்கும் மாரியம்மனுக்கும் இடையிலான விவகாரம்.

ஜிக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஓர் ஈயக்குண்டு, முள்ளை மறைக்கச் சேவலின் கழுத்து இறகு, இரண்டையும் பிடித்து வைக்கக் கொஞ்சம் நூல். தண்ணீருக்குள் அதைத் துள்ளத் துள்ள இழுத்தால் மீன்குஞ்சு ஒன்று தப்பி ஓடுகிறது என்று, ஜப்பான் மீன் என்று அங்கே சொல்கிற திலாப்பியா நம்பிவிடும். ஆனால் அந்த டேமின் அடியில் பழைய டவுன் முழுகிக் கிடக்கிறது. கடைச் சுவர், வாசற்படி, கோயில் கல் என்று கண்டதிலெல்லாம் முள் மாட்டும், பிடுங்கினால் உரசும். கடையில் வாங்கிய ஜிக் இரண்டு தடவை போய் வந்தால் மொட்டையாகத் திரும்பும். வீரய்யாவுடையது போன மாதிரியே வரும்.

காரணம் கேட்டால் அவர் மணிக்கணக்கில் சொல்லுவார் என்பதால் யாரும் கேட்பதில்லை. முதலில் வெறும் முள்ளின் மேல் நூலை நெருக்கி ஒரு வரிசை சுற்ற வேண்டும், வழுக்குகிற கம்பியில் இறகு நிற்காது. நூலுக்குத் தேன்மெழுகு பூச வேண்டும். இறகைக் கொஞ்சமாக வைக்க வேண்டும், ஆசைப்பட்டு அள்ளி வைத்தால் கட்டு இறுகாது. ஒவ்வொரு சுற்றையும் இனி இழுத்தால் அறும் என்கிற இடம்வரை இழுக்க வேண்டும். கடைசியில் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு என்பதே அவிழ்வதற்காகப் போடுவது என்பது அவர் கட்சி. நூலின் நுனியைக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் செருகி, உள்ளே இழுத்துப் புதைத்துவிட வேண்டும். அதன் மேல் மகள் சர்மிளாவின் நகப்பூச்சில் ஒரு சொட்டு. நிறமெல்லாம் பார்ப்பதில்லை. தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

இந்த வருடம் தேர்த் திருவிழாவுக்குச் சற்று முன்னால், பூசாரி பழனியாண்டி தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மந்திரம் சொல்ல வாய் போதும், காப்புக் கட்டக் கை வேண்டுமே. பால்குடம் எடுப்பவர்கள், காவடி எடுப்பவர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்ட வேண்டும். தோட்டத்தில் யாருக்குக் கை நன்றாக வரும் என்று யோசித்தார்கள். அதிக நேரம் யோசிக்கவில்லை. கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வீரய்யா மஞ்சள் நூலைப் பார்த்ததும் "இது ரொம்ப வழுக்குது" என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய் முழு உருண்டைக்கும் தேன்மெழுகு ஏற்றிக்கொண்டு வந்தார். பூசாரி மந்திரம் சொன்னார், வீரய்யா கட்டினார். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. சுற்றி, இழுத்து, நுனியைப் புதைத்து, பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்த நகப்பூச்சுப் போத்தலையும் எடுத்தார். பூசாரி ஒரு பார்வை பார்த்தார். போத்தல் உள்ளே போயிற்று.

சர்மிளாவும் கை நீட்டினாள். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். திருவிழாவின் கடைசி நாள் காலையில் காப்பு அவிழ்த்ததும், மத்தியானம் வேன் வந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் என்று ஏற்பாடு. வீரய்யா போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "அந்தப் பக்கம் என்னா மீனு கெடைக்கும்" என்று ஒருமுறை கேட்டார். அவள் தெரியாது என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

காப்புக்குச் சட்டம் உண்டு. அது கையில் இருக்கும்வரை மீனும் கறியும் ஆகாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அறுக்கக் கூடாது, இரும்பு படவே கூடாது, கையால்தான் அவிழ்க்க வேண்டும். இத்தனை காலமும் இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

கடைசி நாள் காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஆட்டம் முடிந்து, எல்லோரும் கோயில் முன்னால் வரிசையாக நின்றார்கள். பூசாரி இடது கையால் முதல் காப்பைத் தடவினார். மறுபடி தடவினார். நுனியையே காணவில்லை.

"என்னா வீரய்யா, முடிச்சு எங்க?"

"முடிச்செல்லாம் இல்லீங்க பூசாரி. உள்ளுக்குப் பொதைச்சிருக்கு."

"அப்ப எப்புடி அவுக்கிறது?"

அந்தக் கேள்வி வீரய்யாவுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. காவடி எடுத்த கந்தப்பன் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வீரய்யாண்ணே, நாங்க மனுசங்களா, ஜப்பான் மீனா? வூட்டுல கோழி அடிச்சு வச்சிருக்காங்க."

ஒருவர் பல்லால் கடித்துப் பார்த்தார். தேன்மெழுகு பல்லில் ஒட்டியதுதான் மிச்சம். கடைசியில் வீரய்யாவின் மனைவி லெட்சுமி வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். உருவி எடுப்பது அவிழ்ப்பதில் சேருமா என்று பூசாரி கண்ணை மூடி யோசித்தார். கோழி ஆறிக்கொண்டிருப்பதைக் கந்தப்பன் இன்னொரு முறை நினைவூட்டியதும், சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். எண்ணெய் தடவித் தடவி ஒவ்வொரு கையாக உருவி எடுத்தார்கள்.

சர்மிளாவுடையது மட்டும் வரவில்லை. எண்ணெய் முழங்கைவரை வழிந்தது, தோல் சிவந்தது, காப்பு அசையவில்லை. லெட்சுமி அதற்குள் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"எல்லாருக்கும் வெரலு போற எடம் விட்டுத்தானே கட்டியிருக்கீங்க. இவளுக்கு மட்டும் ஏன் விடல?"

"கை வீங்கியிருக்கும்" என்றார் வீரய்யா.

யார் கையும் வீங்கவில்லை. லெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று கட்டவில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பார். ஆனால் மகளுடைய கை வந்தபோது இனி இழுத்தால் அறும் என்கிற இடம்வரை நூலை இழுத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அதற்குள் மத்தியானமாகி, ரோட்டில் வேன் வந்து நின்றது. கத்திரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஏறு பிள்ளை, அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சர்மிளா தலையை ஆட்டினாள்.

"நேந்து கட்டுனது. அறுத்துட்டுப் போனா அங்க எனக்குத் தூக்கம் வராது."

"கட்டுனவனே அவுக்கட்டும்" என்றார் பூசாரி. ஊசி இரும்பு என்பதால் எலுமிச்சை மரத்திலிருந்து ஒரு முள் ஒடித்துக் கொடுத்தார்கள்.

வீரய்யா கோயில் படியில் உட்கார்ந்து மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது கஷ்டமான வேலை மாதிரி இருந்தது. அவருக்கு அப்படியில்லை. துருப்பிடித்த ஜிக்கிலிருந்து நல்ல இறகைக் காப்பாற்ற அவர் அடிக்கடி கட்டைப் பிரிப்பது உண்டு. புதைத்தவருக்குப் புதைத்த இடம் தெரியாதா? முள்ளை வைத்த முதல் இடத்திலேயே நுனி தட்டுப்பட்டது. அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"கெடைச்சிருச்சா?" என்றாள் லெட்சுமி.

"இல்ல."

வேன் ஹோர்ன் அடித்தது. வரவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் கட்டினது அவிழாது என்பது குழந்தைக்கும் தெரியும். வேன் போய்விடும், அந்த இடத்துக்கு வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள், மகள் வீட்டில் இருப்பாள். அவர் முள்ளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சும்மா குத்திக்கொண்டிருந்தார்.

சர்மிளா காப்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"வரலைன்னா விடுங்கப்பா. நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடையில் பருப்பு இல்லையென்றால் கடலை வாங்கிக்கொள்கிறேன் என்பது போலச் சொன்னாள், கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. வீரய்யா நினைத்தது நடந்துவிட்டது. அதைப் போல ஒரு கேவலம் அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.

கட்டைவிரலை எடுத்தார். முள்ளால் நுனியை மெதுவாக நெம்பி வெளியே எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். மெழுகு ஏறிய நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. மணிக்கட்டில் நூலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதை வேட்டியால் எண்ணெய் போகத் துடைத்தார். கண் கலங்கியது, குனிந்தே இருந்தார்.

"ஓடு, வேன்காரன் கத்துறான்" என்றார்.

சர்மிளா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். லெட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். பூசாரி காப்பு நூலை ஆற்றில் விட வாங்கிக்கொண்டார். கந்தப்பன்தான் கோழியையும் மறந்து அங்கேயே நின்றான். அவனுக்கு இது பொறுக்கவில்லை.

"என்னாண்ணே இது? டேமுக்கு அடியில கல்லுல மாட்டி இழுத்தாலும் வராத கட்டு ஒங்களுது. ஒரு முள்ளுக்கு வந்துருச்சே?"

சுற்றி நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் வேன் கிளம்பி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. வீரய்யா அந்தச் சத்தம் முழுதாகத் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார்.

"அது சரியாக் கட்டுப்படலப்பா" என்றார்.