அரங்கநாதன் நின்ற இடம்

திண்டிவனத்திலிருந்து வந்த சர்வேயர் சவரிநாதன், விவசாயி விருத்தாசலத்தின் நிலத்துக் கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து, அவருடைய பங்காளி அரங்கநாதனின் நிலம் தொடங்கும் இடத்தில் குச்சி அடித்தார். போன வருஷம் விருத்தாசலம் பெண்டாட்டியின் நகையை விற்றுப் போட்ட போர்வெல் குழாய், குச்சிக்கு அந்தப் பக்கம் அரை முழம் தள்ளி நின்றது. அந்தத் தண்ணீர் போனால் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மொத்தமும் கருகிவிடும்.

அப்போதுதான் அவருக்கு ரேடியோ ஞாபகம் வந்தது. நாலு நாளைக்கு முன்னால் கிரகணம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தபோது கேட்டது: சூரியன் மாதிரி கனமான பொருளுக்குப் பக்கத்தில் வந்தால் நட்சத்திர வெளிச்சமே வளைகிறதாம். ஒரு கிரகணத்தில்தான் படம் பிடித்து நிரூபித்தார்களாம்.

அரங்கநாதன் ரைஸ்மில் தராசில் நூற்றுப் பத்து கிலோ நின்றவர்.

"சார், இந்த அளவு செல்லாதுங்க" என்றார் விருத்தாசலம். "நீங்க கண்ணால பாத்துதான கம்பு நட்டீங்க? எங்க அண்ணன் இம்மாங் கனத்த வச்சிக்கினு பக்கத்துல நின்னா வெளிச்சம் வளையாதா?"

சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ், சூரியனே எம்மாம் வளைக்குது தெரியுமா? மூணு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தன் ஒரு ரூபா காசைக் காட்டினா எம்மாம் தெரியும்? அவ்ளோதான். உங்க அண்ணன் இன்னா சூரியனா?"

"கொஞ்சம் கம்மிதாங்க."

"என் ஒடம்பு இவனுக்கு இன்னாத்துக்கு?" என்று அரங்கநாதன் கத்தினார்.

"அவரு களத்துல போய் குந்தட்டும் சார். மறுபடி அளங்க. இல்லன்னா விழுப்புரம் கோர்ட்டுதான்."

கோர்ட் என்றதும் சர்வேயரின் சிரிப்பு நின்றது. சாட்சி சொல்ல அலைய வேண்டியவர் அவர்தானே. அரங்கநாதன் முணுமுணுத்துக்கொண்டே களத்துக்குப் போனார். மறுபடி அளந்தார்கள். குச்சி ஒரு முழம் தள்ளிப் போய், குழாய் விருத்தாசலத்தின் பக்கம் வந்துவிட்டது! மூன்றாம் தடவையும் அதே இடம்தான். சர்வேயருக்குப் படித்த படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது பாவம்.

சங்கிலி பிடித்த முத்துசாமிதான் தலையைச் சொறிந்தான். "சார், மொத தபா அவரு வாய்க்கால்ல எறங்கி கால நனைச்சிக்கினு இருந்தாருங்க. சங்கிலி மேலதான் நின்னாரோ இன்னாவோ."

போய்ப் பார்த்தார்கள். வாய்க்கால் சேற்றில் முறம் அகலத்துக்கு இரண்டு காலடி. நடுவே சங்கிலி அழுந்திய தடம். வாய்க்காலுக்கு மேலே விறைப்பாகப் போகவேண்டிய சங்கிலியை மனிதர் அடிவரைக்கும் மிதித்து இறக்கியிருக்கிறார். ஒரு முழம் அங்கேயே போயிருக்கிறது.

"வளைஞ்சது வெளிச்சமில்லய்யா, சங்கிலி!" என்றார் சர்வேயர், போன உயிர் திரும்பியவராக.

"எது வளைஞ்சா இன்னா சார்? வளைச்சது அவரு கனம்தான?"

கல் நட்டானதும் விருத்தாசலம் மோட்டாரைப் போட்டார். களத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அரங்கநாதனைப் பார்க்க அவருக்கு என்னவோ போல் இருந்தது.

"அண்ணே! வெயில்ல இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? வந்து கால நன. கல்லு நட்டாச்சு, இனிமே எங்க வேணா நில்லு."